பிள்ளை எழுதட்டும், நீங்கள் சொல்லுங்கள்: வீட்டில் ஒரு கற்றல் வேலையைத் தொடங்குவது எப்படி

“பிள்ளை படிப்பில் நீங்களும் கொஞ்சம் கூட நில்லுங்கள்” என்று பெற்றோரிடம் சொன்னால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, “நான் அஞ்சாவதோட நின்னுட்டேன், எனக்கு என்னங்க தெரியும்?” இன்னொன்று, “அதான் டியூஷனுக்கு அனுப்புறோமே.” படிப்பு புத்தகத்துக்குள் இருக்கிறது, புத்தகம் தெரிந்தவர்தான் அதில் கைவைக்கலாம் என்ற எண்ணம் இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. முதல் பதிலைச் சொல்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டியூஷன்காரர்கள் படித்தாலும் நஷ்டமில்லை.

நான் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் அது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அவரவர் தெருப்பக்கமே வகுப்பு. எங்கள் தெருவில் அது எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது. பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். கூலி, விலை, எடை என்று கணக்கு வந்துவிட்டால் பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே படியிலிருந்து விடை வந்துவிடும். “எனக்கு என்ன தெரியும்” என்று சொன்ன அதே அம்மாதான் விடை சொல்லியிருப்பார். இவர்களுக்குத் தெரிந்ததையே பாடமாக வைத்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. அதிலிருந்து குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் சின்னச் சின்ன வேலைகளை ஒவ்வொன்றாகத் தொடங்கினோம். முதலாவது படுதோல்வி. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

வம்சாவளியில் தொடங்காதீர்கள்

குடும்பம் சம்பந்தமான வேலை என்றதும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது எனக்கும் தோன்றியது. தாத்தா, பாட்டி, பெரியப்பா, அத்தை என்று வம்சாவளி மரம் வரைந்து வரச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து ஒன்பது சார்ட் வந்தது. அதில் ஆறு அம்மாக்களின் கையெழுத்தில் இருந்தது. ராத்திரி பதினோரு மணிக்குப் பசையும் மினுக்குத் தாளுமாக உட்கார்ந்திருப்பார்கள் போலிருக்கிறது. பிள்ளைகளிடம் “இது யாரு?” என்று கேட்டால் திருதிருவென்று விழித்தார்கள். ஒரு பையன் கொண்டுவரவே இல்லை. “மறந்துட்டேன் அக்கா” என்றான். மறுநாளும் மறந்தான். அவன் அப்பா வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு விஷயத்தில் உறுதியாக இருக்கிறேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் கேட்பதில்லை, வீட்டில் என்ன நடக்கிறது என்பதைத்தான் கேட்பேன். அப்புறம், சார்ட் பேப்பர் கூடவே கூடாது. அழகாக இருக்க வேண்டும் என்ற பேச்சு வந்த நிமிஷமே வேலை பெரியவர்கள் கைக்குப் போய்விடும்.

வேலையைத் தேடுவது

ஒரு நாள் முழுக்க வீட்டில் பெரியவர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். மாவு ஆட்டுவது, பால் கணக்கு, சீட்டுப் பணம், ரேஷன் கடை, தண்ணீர் பிடிப்பது, பூ கட்டுவது, தையல், ஆடு மேய்ப்பது, ஆட்டோ ஓட்டுவது. இதில் வாரத்துக்கு ஒரு தடவையாவது திரும்ப வருவது எது, எண்ணவோ அளக்கவோ கேட்டறியவோ ஏதாவது இருப்பது எது, தனியாகக் காசு செலவழிக்க வேண்டாதது எது என்று பாருங்கள். மூன்றுக்கும் பொருந்துவது எந்த வீட்டிலும் நாலைந்து தேறும்.

பூ கட்டும் வீடாக இருந்தால் ‘முழம்’ ஒன்று போதும். அம்மாவின் முழம், பக்கத்து வீட்டு அக்காவின் முழம், பூக்கடைக்காரரின் முழம் மூன்றையும் பிள்ளை டேப்பால் அளந்து எழுதட்டும். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஆளுக்கு ஆள் மாறும் என்பது தெரிந்த கதைதான். ஆனால் எத்தனை சென்டிமீட்டர் மாறுகிறது என்று யாரும் எழுதிவைத்ததில்லை. இரண்டு நாளில் முடிந்துவிடும், சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது.

வேலையைத் தேர்ந்ததும் அதைக் கேள்வியாக மாற்றிவிடுங்கள். ‘மின்சாரம்’ என்றால் பிள்ளை கூகுளைத் திறந்து பத்து வரி பார்த்து எழுதிவிடும். ‘நம்ம வீட்டில் அதிகமாக கரண்ட் இழுப்பது எது?’ என்று கேட்டால் கூகுளுக்குத் தெரியாது. ‘அளவைகள்’ என்பதற்குப் பதிலாக ‘ஆயாவின் ஆழாக்கில் எத்தனை கிராம் அரிசி பிடிக்கும்?’ என்று கேளுங்கள். இந்த ஆழாக்குக் கேள்வி தானாகவே வளரும். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று ஆயா சொன்னதைக் கேட்டு, ஒரு கலத்துக்கு 768 ஆழாக்கு என்று ஐந்தாம் வகுப்புப் பெண் பெருக்கிக் கொண்டுவந்தாள். ஆயாவுக்குச் சந்தேகம். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

கேள்வி முடிவானதும் வீட்டில் உள்ள எல்லாரும் விடையை ஊகிக்க வேண்டும். யார் என்ன சொன்னார் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இதை விளையாட்டு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ‘மிக்ஸிதான்’ என்று கையெழுத்துப் போட்ட அப்பா, கூப்பிடாமலேயே வந்து எட்டிப் பார்ப்பார்.

ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தால் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அரும்பில் இருக்கும் பிள்ளைக்கு எண்ணுவதும் நாலு சொல் எழுதுவதும் போதும். அண்ணன் எழுதுகிறான் என்று அதே பக்கத்தைத் தம்பியிடமும் எதிர்பார்க்காதீர்கள்.

யார் என்ன செய்வது

பேனா பிள்ளை கையில்தான் இருக்க வேண்டும். நீங்கள் சொல்லலாம், காட்டலாம், அளக்கலாம், டேப்பின் அந்த முனையைப் பிடிக்கலாம். எழுதக் கூடாது. எழுத்துப்பிழை இருந்தால் அந்த நேரத்தில் திருத்த வேண்டாம். ‘ஆழாக்கு’ என்பதை ‘ஆலாக்கு’ என்று எழுதினால் எழுதட்டும். வாரக் கடைசியில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். வரிக்கு வரி திருத்தினால் மூன்றாம் நாள் நோட்டு காணாமல் போகும்.

படிக்கத் தெரியாத பெற்றோர் இதில் பின்தங்க மாட்டார்கள். அன்றைக்கு எழுதியதைப் பிள்ளை சத்தமாக வாசிக்க வேண்டும், நீங்கள் கேட்டு “அப்படி நான் சொல்லலையே, உளுந்து ஒரு பங்குதான்” என்று பொருளைச் சரிபார்க்க வேண்டும். சொல்பவர் நீங்கள், எழுதுபவர் பிள்ளை. பிள்ளையைப் பார்த்துத் தானும் படிக்க வேண்டும் என்று ஆசை வந்தால் அதற்கும் வழி இருக்கிறது. பதினைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022-இலிருந்து நடக்கிறது, அருகிலுள்ள அரசுப் பள்ளியில் விசாரிக்கலாம். என் அம்மா 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கூட்டப் பழகியவர். பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் பழகினார்களே, அந்தக் காலம். அம்மாவுக்கு சைக்கிள் நன்றாகவே வந்தது. எழுத்து கொஞ்சம் திக்கும். பேத்தியின் நோட்டில் ஊகத்துக்குக் கீழே போட்டிருக்கும் கையெழுத்து அப்போது பழகியதுதான்.

அப்பாக்களைப் பற்றித் தனியாக ஒன்று. “பிள்ளையோட கொஞ்ச நேரம் உட்காருங்க” என்றால் உட்கார மாட்டார்கள், உட்கார்ந்தாலும் போன் கையில் இருக்கும். ஒரு கருவியோடு சம்பந்தப்பட்ட வேலையை அவர்களிடம் விடுங்கள். டேப், ஸ்க்ரூடிரைவர், தராசு, வண்டியின் கிலோமீட்டர் முள், எதுவானாலும் சரி.

நேரம் அரை மணி போதும், வாரத்தில் இரண்டு சாயங்காலமும் ஞாயிறும். மொத்தமே மூன்று வாரம்தான், அதற்கு மேல் இழுத்தால் எல்லாருக்கும் சலித்துவிடும். தேர்வு மாதத்திலும் ஊர்த்திருவிழா சமயத்திலும் தொடங்க வேண்டாம். வாங்க வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு. பெரிதாக வரைய வேண்டியிருந்தால் போன வருஷத்து மாதக் காலண்டரின் பின்பக்கம் இருக்கிறது.

ஒரு வேலை முழுசாக: கரண்ட் மீட்டர்

முதலில் எதை எடுப்பது என்று குழம்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நான்காம் வகுப்புக்கு மேல் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். கரண்ட் பில்லில் அக்கறை இல்லாத பெரியவரும் வீட்டில் இருக்க மாட்டார்.

முதல் நாள் பெரியவர் ஒருவரோடு பிள்ளை மீட்டரைப் போய்ப் பார்க்கட்டும். பெட்டியைத் திறப்பதோ தொடுவதோ வேண்டாம், கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரர், “எதுக்குத் தினம் மீட்டரை எட்டிப் பாக்குறீங்க, என் மேல சந்தேகமா?” என்று சண்டைக்கே வந்துவிட்டார். இப்போதுள்ள மீட்டர்களில் சில நொடிக்கு ஒரு தடவை திரையில் எண் மாறிக்கொண்டே இருக்கும். தேதி, நேரம், வோல்டேஜ் என்று என்னென்னவோ வரும். கே.டபிள்யூ.ஹெச் (kWh) என்ற குறியோடு வருவதுதான் நமக்கு வேண்டிய எண், பில்லில் யூனிட் என்று வருவது அதுதான். தவறவிட்டால் அடுத்த சுற்று வரும்வரை காத்திருங்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு தகராறு வராது. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கத்தையும் சேர்த்துக் குறியுங்கள்.

அடுத்த ஏழு நாளும் அதே நேரத்துக்கு ரீடிங். இன்றைய எண்ணிலிருந்து நேற்றைய எண்ணைக் கழித்தால் ஒரு நாள் செலவு. பக்கத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். ‘மாமா வீட்டிலிருந்து ஆறு பேர் வந்தார்கள்’, ‘மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை’, ‘மழை’ என்று எழுதினால்தான் வியாழக்கிழமை எண் ஏன் எகிறியது என்பது பிறகு புரியும்.

இரண்டாவது வாரம் வீட்டுச் சாமான்களின் வாட் கணக்கு. ஒவ்வொன்றின் அடியிலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் வில்லையில் எத்தனை வாட் என்று போட்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்க்க வேண்டும், இது அப்பா அல்லது அண்ணன் வேலை. 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இது ஒன்று தெரிந்தால் மற்றதெல்லாம் பெருக்கலும் வகுத்தலும்தான்.

எங்கள் வீட்டு நோட்டிலிருந்து ஒரு கணக்கு. கூடத்து மின்விசிறி பழையது, 75 வாட். பகலும் இரவும் சேர்த்து 16 மணி நேரம் ஓடுகிறது. 75-ஐ 16-ஆல் பெருக்கினால் 1200, அதாவது நாளொன்றுக்கு 1.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு, 60 நாள் என்று வைத்துக்கொண்டால், 72 யூனிட். மிக்ஸி 750 வாட், மின்விசிறியைப் போல் பத்து மடங்கு. ஆனால் ஒரு நாளைக்கு ஓடுவது பத்தே நிமிஷம். 750-ஐ 6-ஆல் வகுத்தால் 125, யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு. 60 நாளைக்கு ஏழரை யூனிட்தான். “சத்தம் போடுறதெல்லாம் சாப்பிடுறதில்லை போல” என்றாள் என் மகள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் இல்லையா, அதில் 72-ஐ ஒரே மின்விசிறி எடுத்துக்கொள்கிறது என்று அவளே கண்டுபிடித்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதை அவள் அப்பா எடுத்துச் சொன்னார். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் ரூபாய்க் கணக்குக்கு உங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்த பில்லையே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜ் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. அது தானாக நின்று நின்று ஓடும், வாட்டை மணியால் பெருக்கினால் விடை தப்பாகும். அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. வீட்டில் எல்லாரும் வெளியே போகும் ஒரு நாள், பிரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கிளம்பும்போது ஒரு ரீடிங், திரும்பியதும் ஒரு ரீடிங் எடுங்கள். இடைப்பட்ட மணி நேரத்தால் வகுத்தால் பிரிட்ஜின் கணக்கு வந்துவிடும். ஒரு அறிவியல் சோதனையில் மற்றதை எல்லாம் நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் பார்ப்பது ஏன் என்பதைப் பிள்ளை பிறகு மேல் வகுப்பில் படிக்கும்போது இந்த பிரிட்ஜ் ஞாபகம் வரும்.

மூன்றாவது வாரம் ஏதாவது ஒன்றை மாற்றிப் பாருங்கள், ஒன்றே ஒன்றை மட்டும். ஆள் இல்லாத அறையில் மின்விசிறி ஓடக் கூடாது என்று வைத்துக்கொண்டு திரும்பவும் ஏழு நாள் ரீடிங். குறைந்தால் எவ்வளவு, குறையவில்லை என்றால் ஏன் என்று பிள்ளை எழுதட்டும். எங்கள் வீட்டில் குறையவில்லை. அந்த வாரம்தான் வெயில் கொளுத்தியது. அதையும் அப்படியே எழுதினாள்.

கொத்தனாரின் டேப்

எங்கள் வகுப்புக்கு வந்த எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா கொத்தனார். கணக்கு என்றாலே அவளுக்கு வயிற்றைக் கலக்கும். பிதாகரஸ் தேற்றத்தில் முட்டிக்கொண்டு நின்றாள். நான் படம் போட்டு இரண்டு நாள் சொல்லியும் ஏறவில்லை. அவள் அப்பாவிடம், “அஸ்திவாரத்துக்கு நூல் கட்டுறப்ப மூலை சரியா இருக்கான்னு எப்படிப் பாப்பீங்க?” என்று கேட்டு எழுதிவரச் சொன்னேன். அவர் எழுத வைக்கவில்லை, செய்தே காட்டிவிட்டார். வாசலில் இரண்டு ஆணி அடித்து நூல் கட்டி, மூலையிலிருந்து ஒரு பக்கம் மூன்று அடியில் சுண்ணாம்புக் குறி, மறுபக்கம் நான்கு அடியில் ஒரு குறி. இரண்டு குறிக்கும் நடுவே டேப் பிடித்தால் சரியாக ஐந்து அடி வர வேண்டும், கூடினாலும் குறைந்தாலும் நூலை நகர்த்த வேண்டும். மூன்றின் வர்க்கமும் நான்கின் வர்க்கமும் சேர்ந்தால் ஐந்தின் வர்க்கம். இருபது வருஷமாக அவர் தினம் செய்வது அதுதான், பெயர் மட்டும் தெரியாது.

மகளும் சும்மா விடவில்லை. டேப்பை வாங்கிக்கொண்டு வீட்டு மூலைகளை எல்லாம் அளந்தாள். ஒரு மூலையில் ஐந்து அடிக்கு ஒரு அங்குலம் குறைந்தது. “இது கோணலா இருக்குப்பா” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, “அது நான் கட்டுனதில்ல” என்றார்.

கட்டட வேலைக்குப் போகும் வீடுகளில் இன்னும் நிறைய இருக்கிறது. செங்கல் கட்டுக் கலவை ‘ஒண்ணுக்கு ஆறு’, அதுதான் ஆறாம் வகுப்பில் வரும் விகிதம். ‘ஒரு சதுரம்’ என்றால் நூறு சதுர அடி. ரசமட்டம், தூக்குக்குண்டு இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று கேட்டு எழுதினாலே மூன்று பக்கம் வரும். சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் கலவைக் கணக்கு அத்துப்படி, அவரிடமும் கேளுங்கள்.

தெருவுக்கும் பள்ளிக்கும்

ஒரு வீட்டில் நடந்தது பக்கத்து வீட்டுக்குப் பரவ ஒரு ஞாயிறு போதும். நாலைந்து நோட்டை ஒரு திண்ணையில் வைத்து, பிள்ளைகள் தங்கள் கேள்வியையும் விடையையும் சொல்ல, பெரியவர்கள் தங்கள் ஊகம் தப்பிப்போனதைச் சொல்ல வேண்டும். பரிசு வேண்டாம். முதல் இடம், இரண்டாம் இடம் என்று வந்தால் அடுத்த தடவை சார்ட் பேப்பர் திரும்பி வந்துவிடும்.

பள்ளிக்குக் கொண்டுபோவதற்கு பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குப் போனால் பெரும்பாலும் கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் என்றுதான் பேச்சு ஓடும். அதெல்லாம் வேண்டியதுதான். அது முடிந்ததும் நோட்டை எடுத்து நீட்டி, “எட்டாம் வகுப்புக்கு அந்தப் பாடம் வரும்போது ஒரு பீரியட் இவர் வந்து நூல் கட்டிக் காட்டட்டுமா?” என்று கேளுங்கள். பொத்தாம்பொதுவாக ‘பெற்றோரைப் பாடத்தில் சேர்க்க வேண்டும்’ என்று பேசினால் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். ஆளையும் தேதியையும் சொன்னால் எங்கள் தலைமையாசிரியரைப் போல் நாட்காட்டியைப் பார்ப்பவர்களும் உண்டு. கொத்தனாருக்கு அன்றைய கூலி போய்விடக் கூடாது, அதையும் யோசித்து மழைக்காலமாகப் பார்த்துக் கேளுங்கள்.

இரண்டாவது வாரத்தில் நோட்டு தொய்வது எல்லா வீட்டிலும் நடக்கும். நாலு நாள் ரீடிங் விட்டுப்போனால் பொய் எண் போட்டு நிரப்ப விடாதீர்கள். கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ஐந்தாம் நாள் ரீடிங்கிலிருந்து கடைசியாகக் குறித்த எண்ணைக் கழித்து ஐந்தால் வகுத்தால் சராசரி கிடைக்கும். அதுவும் ஒரு பாடம்தான், பள்ளியில் தனியாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை தொடங்குவதாக இருந்தால் சனிக்கிழமை ராத்திரியே ஊகத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாங்கள் முதல் தடவை அதைச் செய்யாமல் விட்டோம். கணக்கு முடிந்ததும் வீட்டில் அத்தனை பேரும் “ஃபேன்தான்னு நான் அப்பவே சொன்னேனே” என்றார்கள்.